போர்டில் எழுதிய பெயர்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு ஒன்பது வயது. அரசுப் பள்ளியில் படிக்கிறாள். கணக்குப் புத்தகத்தை இரண்டே மாதத்தில் முடித்துவிட்டாள். அறிவுத்திறனை அளக்கும் ஐ.க்யூ. சோதனையில் 138 வந்தது. மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்குத் தனி ஆசிரியர், தனி நிதி எல்லாம் உண்டு. மீத்திறன் உள்ள பிள்ளைக்கு ஒன்றுமே கிடையாது. நாங்களும் வரி கட்டுகிறவர்கள்தானே? தனியார் பள்ளிக்கு மாற்றிவிடலாமா?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

அன்புள்ள அம்மா,

தனியார் பள்ளி உங்கள் சௌகரியம். நான் சொல்ல ஒன்றுமில்லை.

வரிக் கணக்குதான் எரிச்சலாக இருந்தது. 138 என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சோதனை யாருக்காகப் பிறந்தது தெரியுமா? 1905-இல் பாரிசில் ஆல்ஃபிரெட் பினே என்ற உளவியலாளர் அதன் முதல் வடிவத்தைச் செய்தது, வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டுபிடித்து உதவத்தான். கெட்டிக்காரர்களைப் பொறுக்கி எடுக்க அதைத் திருப்பிக்கொண்டவர்கள் பின்னால் வந்தவர்கள். மெல்லக் கற்கும் பிள்ளைகளின் காசைப் பார்த்து வயிறெரியாதீர்கள். உங்கள் மகளுக்குத் தரவேண்டியதை அவர்கள் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் தெரிந்த கணக்கையே தினமும் போடுவது எப்படிப்பட்ட தண்டனை என்று எனக்குத் தெரியும். ஏழாம் வகுப்பில் நான்தான் கணக்கை முதலில் முடிப்பேன். சும்மா இருந்தால் தொல்லை என்று வாத்தியார் என் கையில் சாக்பீஸைக் கொடுத்து, பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதச் சொல்லிவிடுவார். முதல் பெயர் எப்போதும் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவனுடையது. மறுபடி பேசினால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. பீரியட் முடியும்போது நாலைந்து குறி சேர்ந்திருக்கும்.

அவன் ஏன் பேசினான் என்பது எனக்குத் தெரியும். வாத்தியார் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைப் பக்கத்துப் பையன் காதில் சொல்லிவிடுவான். முதலில் முடித்தவன் நான் இல்லை. ஆனால் அவன் நோட்டில் ஒரு வரி இருக்காது. உதவித்தொகைத் தேர்வுக்கு வகுப்பிலிருந்து ஒரு பெயர் கேட்டபோது என் பெயர் போனது. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

இதைத்தான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்தது. 1921-இல் கலிபோர்னியாவில் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் அறிவாளிப் பிள்ளைகளைத் தேடிக் கிளம்பியபோதும், 'உங்கள் வகுப்பில் யார் கெட்டிக்காரன்?' என்று ஆசிரியர்களைக் கேட்டுத்தான் ஆரம்பித்தார். பிறகு ஐ.க்யூ. சோதனை வைத்து சுமார் 1,500 பேரைத் தேர்ந்தெடுத்தார். அவர்களில் ஒருவருக்கும் நோபல் பரிசு வரவில்லை. சோதித்துப் பார்த்து, தேறவில்லை என்று விடப்பட்ட சிறுவர்களில் இரண்டு பேருக்கு வந்தது: வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ். (ஷாக்லி கடைசிக் காலத்தில் பேசிய இனவாதம் வேறு கதை. மூளை இருந்தால் போதாது என்பதற்கு அவரே சாட்சி.)

ஆக, சோதனையும் தவறவிடும். ஆளைப் பார்த்துச் சொல்லும் சிபாரிசு இன்னும் அதிகமாகத் தவறவிடும். அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் பெரிய பள்ளி மாவட்டம் ஒன்றில் ஆசிரியரோ பெற்றோரோ சொன்ன பிள்ளைகளை மட்டுமே மீத்திறன் திட்டத்துக்காகச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் சோதித்தார்கள். தகுதி மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. ஆனாலும் தேர்வான ஏழை வீட்டுப் பிள்ளைகள், கறுப்பினப் பிள்ளைகள் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. டேவிட் கார்டு, லாரா ஜூலியானோ என்ற பொருளியலாளர்கள் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பிறகு பணத்தட்டுப்பாடு வந்தது, எல்லோரையும் சோதிப்பதை நிறுத்தினார்கள், எண்ணிக்கை பழையபடி இறங்கிவிட்டது. பிள்ளைகளின் மூளையா நடுவில் ஏறி இறங்கியது? நிதி கேட்பதானால் இதற்குக் கேளுங்கள். உங்களைப் போலக் கடிதம் எழுதத் தெரிந்த அம்மா எல்லாப் பிள்ளைக்கும் கிடையாது.

உங்கள் மகளுக்கு இப்போதைக்கு நிதியே வேண்டாம். கணக்குப் பீரியடுக்கு மட்டும் மேல் வகுப்பில் உட்கார வைக்க முடியுமா என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். ஒரு நாற்காலி போதும். அவளுக்கு விருப்பமா என்று முதலில் அவளிடம் கேளுங்கள். கடிதத்தில் அதை எங்கேயும் காணோம்.

அந்தப் பையன் எட்டாம் வகுப்புக்கு வரவில்லை. வாத்தியார் ஏனென்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. போர்டில் பேர் எழுத வேறு ஆள் கிடைத்தான்.

வகுப்பு முழுவதையும் சோதிக்கச் சொல்லி மனு எழுதுவதானால் எனக்கும் அனுப்புங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் கையெழுத்து இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது.