வாசகர் கேள்வி – பதில்: ஒரே வண்டி, இரண்டு ஹெல்மெட்

கேள்வி: என் ஹெல்மெட்டில் ஒரு கம்பெனி புளூடூத் ஹெட்செட், பின்னால் உட்காரும் மனைவியின் ஹெல்மெட்டில் வேறு கம்பெனி. போனில் போடும் பாட்டு எனக்கு மட்டும்தான் கேட்கிறது. பேச ஆரம்பித்தால் அதுவும் நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், ஈரோடு

பதில்: பாட்டு நிற்பது கோளாறு இல்லை. புளூடூத்தில் பாட்டு ஒரு வழியில் போகிறது, பேச்சு போன் கால் போல வேறு வழியில் போகிறது. பேச்சு திறந்ததும் பல மாடல்கள் பாட்டை நிறுத்திவிடும். பாட்டைத் தணித்துக்கொண்டே பேச்சையும் தரும் மாடல்கள் உண்டு, விலைதான் கூடுதல்.

வேறு கம்பெனி என்பதால் ‘யுனிவர்சல் இன்டர்காம்’ (வேறு கம்பெனி ஹெட்செட்டோடும் பேசிக்கொள்ளும் வசதி) முறையில்தான் இணைக்க முடியும். முதலில் இரண்டிலும் பழைய இணைப்புகளை எல்லாம் ரீசெட் செய்து அழித்துவிடுங்கள். உங்கள் போனின் புளூடூத்தை அணைத்து வையுங்கள்; இல்லாவிட்டால் அது நடுவில் புகுந்து ஒட்டிக்கொள்ளும். மனைவியின் ஹெட்செட்டைப் போனோடு இணைக்கும் நிலையில் வையுங்கள். உங்களுடையதில் யுனிவர்சல் பேரிங்கை, அதாவது இந்த முறையில் இணைப்பதை, தொடங்குங்கள் (பட்டன் வரிசை மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கும்). இனி அவர் ஹெட்செட் உங்களுடையதை ஒரு போன் என்றே நினைத்துக்கொள்ளும். அதனால்தான் இரண்டு போன்களை ஏற்கும் மாடலாக இல்லாவிட்டால் அவருடைய சொந்த போன் அதில் சேராது. கடைசியில் உங்கள் போனை உங்கள் ஹெட்செட்டோடு இணையுங்கள்.

ஒரே பாட்டை இருவருக்கும் அனுப்பும் ‘மியூசிக் ஷேரிங்’ பெரும்பாலும் ஒரே கம்பெனிக்குள்தான் வேலை செய்யும். சாம்சங் கேலக்ஸி போன்கள் பலவற்றில் இரண்டு ஹெட்செட்டுக்கும் ஒரே நேரத்தில் பாட்டு அனுப்பும் வசதி இருக்கிறது; உங்களிடம் அது இருந்தால் செலவில்லை. புதிதாக வாங்குவதென்றால் ஒரே கம்பெனி ஜோடியாக வாங்குங்கள். ‘ஒரு கிலோமீட்டர் தூரம் கேட்கும்’ என்பதற்குப் பணம் கொடுக்க வேண்டாம், உங்கள் இருவருக்கும் இடைவெளி இரண்டடி. பல ஹெட்செட்டுகளை வலைபோல ஒன்றோடொன்று இணைக்கும் மெஷ் இன்டர்காமும் நாலைந்து வண்டிகளாகப் போகிறவர்களுக்குத்தான்.

கேள்வி: வேகம் 60-ஐத் தாண்டினால் பேச்சு புரிவதில்லை, காற்று இரைச்சல்தான். வால்யூம் முழுக்க வைத்தாயிற்று.
– வாசகி, தூத்துக்குடி

பதில்: வால்யூமை விட்டுவிட்டு ஸ்பீக்கரைப் பாருங்கள். ஸ்பீக்கரின் நடு, காதுத் துளைக்கு நேராக இருக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் விலகினாலே சத்தம் குறையும். காதுக்கும் ஸ்பீக்கருக்கும் இடைவெளி இருந்தால் பின்னால் பஞ்சு வைத்து முன்னுக்குக் கொண்டுவாருங்கள். இடம் போதவில்லை என்று உள்ளே இருக்கும் தெர்மோகோலை மட்டும் சுரண்டாதீர்கள், அடி விழும்போது தலையைக் காப்பது அதுதான்.

முழுமுகம் மூடும் ஹெல்மெட்டுக்குத் தாடைப் பகுதியின் உள்ளே ஒட்டும் வயர் மைக், முகம் திறந்ததற்குத் தண்டு மைக். தண்டு மைக்கில் குறியிட்ட பக்கம் உதட்டைப் பார்க்க வேண்டும், பஞ்சு உறையைக் கழற்றக் கூடாது. குரல் கேட்டதும் தானே திறக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். காற்று இரைச்சலையே அது குரல் என்று எடுத்துக்கொண்டு இன்டர்காமைத் திறந்துவிடும். பட்டனை ஒரு தட்டு தட்டிப் பேசுவதே மேல்.

கேள்வி: வண்டி ஓடும்போதே ஹெட்செட்டைப் பவர் பேங்கில் சார்ஜ் போடலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: வேண்டாம். சார்ஜ் துளையின் ரப்பர் மூடி திறந்திருந்தால் மழை உள்ளே போகும். வயர் எதிலாவது மாட்டினால் கழுத்துதான் இழுபடும். டீ குடிக்க நிற்கும்போது போடுங்கள்.