அமெரிக்காவில் ஆதரவற்ற பிள்ளைகளுக்காகவே ஒரு தனி ஊர் இருக்கிறதாமே? அது எப்படி நடக்கிறது? வேறு இடத்தில் அப்படிச் செய்ய முடியுமா?

இருக்கிறது. நெப்ராஸ்கா மாநிலத்தில், ஒமாஹா நகரத்துக்கு மேற்கே. பெயர் பாய்ஸ் டவுன். வேலை நிமித்தமாக ஒமாஹாவில் சில வருடங்கள் இருந்தபோது அடிக்கடி அந்த வழியாகப் போயிருக்கிறேன். வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால் அங்கே கூட்டிப்போய்க் காட்டுவதும் உண்டு. அங்கே வேலை பார்த்த ஒரு தம்பதி எனக்குப் பழக்கம். ஆக, பாதி படித்தது, பாதி கேட்டது, கொஞ்சம் பார்த்தது.

'ஊர்' என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. 1936இல் மாநிலச் சட்டப்படி தனிக் கிராமமாகவே பதிவானது. சொந்தமாகத் தபால் நிலையம், காவல்துறை, பள்ளிக்கூடம் எல்லாம் உண்டு. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 745 பேர். அங்கே தங்கிப் படிக்கிற பிள்ளைகள், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள், அவர்களுடைய குடும்பங்கள், அவ்வளவுதான் ஊர். பிள்ளைகள் தங்களுக்குள் தேர்தல் வைத்து ஒரு மேயரைத் தேர்ந்தெடுப்பார்கள். பத்திரிகைகளுக்கு ரொம்பப் பிடித்த விஷயம் அது. ஆனால் கிராமத்தின் சட்டப்படியான நிர்வாகம் பெரியவர்கள் கையில்தான்.

தொடங்கியவர் எட்வர்ட் ஃப்ளனகன், அயர்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்கப் பாதிரியார். முதலில் அவர் ஒமாஹாவில் வீடில்லாத, வேலையில்லாத ஆண்களுக்கு ஒரு விடுதி நடத்தினார். அவர்களோடு பேசப் பேச, முக்கால்வாசிப் பேருக்குச் சிறுவயதிலேயே குடும்பம் உடைந்துபோயிருந்தது தெரியவந்தது. வளர்ந்த பிறகு பிடித்து நிறுத்துவதைவிட முன்கூட்டியே பிடிக்கலாம் என்று 1917 டிசம்பரில் 90 டாலர் கடன் வாங்கி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். வந்த முதல் பையன்கள் ஐந்து பேர். கடன் கொடுத்தது யார் என்பதை அவர் வெளியே சொல்லவில்லை. ஹென்றி மோன்ஸ்கி என்ற யூத வழக்கறிஞர்தான் என்று பலரும் நம்புகிறார்கள். அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு நன்கொடையாக வந்தது ஒரு பீப்பாய் புளிக்கவைத்த முட்டைக்கோஸ். பண்டிகைச் சாப்பாடே அதுதானாம்.

சீக்கிரமே நகரத்து வீடுகளில் இடம் போதவில்லை. 1921இல் ஊருக்கு வெளியே 160 ஏக்கர் பண்ணை ஒன்றை வாங்கி எல்லோரும் அங்கே போனார்கள். பண்ணை வேலை, படிப்பு, தொழிற்பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில். சுற்றி வேலி போட ஃப்ளனகன் சம்மதிக்கவில்லை. வெள்ளை, கறுப்பு, கத்தோலிக்கர், யூதர் என்று பார்க்காமல் சேர்த்துக்கொண்டார். அந்தக் காலத்து அமெரிக்காவில் அதற்கு நிறைய வசவும் மிரட்டலும் வாங்கினார். இரண்டாம் உலகப் போரின்போது முகாம்களில் அடைக்கப்பட்டிருந்த ஜப்பானிய அமெரிக்கர்களுக்கு வேலை கொடுத்து வெளியே கொண்டுவந்தார். 1946இல் அயர்லாந்துக்குப் போனபோது, பிள்ளைகளை அடித்து வளர்க்கும் அங்கத்திய தொழிற்பள்ளிகளைப் பகிரங்கமாகத் திட்டினார். சொந்த நாட்டு அரசியல்வாதிகளுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. மனிதர் 1948இல் பெர்லினில் இறந்துபோனார்.

இதுவரை சொன்னதை எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் படிக்கலாம். நீங்கள் கேட்ட 'எப்படி நடக்கிறது' என்பதற்கு, பணக் கதையையும் வீட்டுக் கதையையும் சொல்லியாக வேண்டும்.

முதலில் பணம். 1938இல் ஹாலிவுட் இந்த ஊரைப் பற்றி ஒரு படம் எடுத்தது. ஃப்ளனகனாக நடித்த ஸ்பென்சர் டிரேசிக்கு ஆஸ்கர் கிடைத்தது, அதை அவர் இல்லத்துக்கே கொடுத்துவிட்டார். படம் சக்கைப்போடு போட்டது. ஆனால் இல்லத்துக்கு நன்கொடை குறைந்தது! படக் கம்பெனி ஏராளமாகக் கொடுத்திருக்கும், இனி நாம் எதற்கு என்று ஜனங்கள் நினைத்துவிட்டார்கள். கம்பெனி கொடுத்தது வெறும் 5,000 டாலர். அப்புறம் கடிதம் போட்டுத்தான் பணம் திரட்ட வேண்டியிருந்தது. வீடு வீடாக நாடு முழுக்கக் கடிதம். பிள்ளைகளுக்கு உதவுங்கள் என்று கேட்டால் யாருக்குத்தான் மனசு இளகாது? கடிதமும் நிற்கவில்லை, பணமும் நிற்கவில்லை. அங்கே தபால்தலைகளுக்கென்று ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. 1950களில் பையன்கள் தபால்தலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்த பந்து அதில் இருக்கிறது: 32 அங்குல விட்டம், 600 பவுண்டு எடை. பக்கத்தில் போய்ப் பார்த்தால் வெட்டிவிட்ட மரத்துண்டு மாதிரி மங்கலான பழுப்பு நிறம். எத்தனை கடிதம் வந்துபோன இடம் என்று அதைப் பார்த்தாலே புரியும்.

1972இல் உள்ளூர் வாரப் பத்திரிகையான ஒமாஹா சன் கணக்கைத் தோண்டியது. அதன் உரிமையாளர் வாரன் பஃபெட், ஆமாம், பங்குச்சந்தை முதலீட்டில் உலகப் பணக்காரரான அதே பஃபெட்தான். வருமான வரித் துறையில் தாக்கல் செய்த படிவத்தை எடுத்துப் பார்த்தால், எழுநூறு பேர்கூட இல்லாத இல்லத்திடம் 20 கோடி டாலருக்கு மேல் சொத்து. வருடத்துக்கு மூன்று கோடிக்கும் மேல் கடிதங்கள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தச் செய்திக்கு 1973இல், அமெரிக்கப் பத்திரிகைத் துறையில் பெரிதாக மதிக்கப்படும் புலிட்சர் பரிசு கிடைத்தது.

யாரும் திருடிவிட்டார்கள் என்று செய்தி சொல்லவில்லை. பணம் சும்மா குவிந்து கிடந்தது, அவ்வளவுதான். எனக்கு உறுத்துவது வேறு. அந்த ஊரில் ஆசிரியர், போலீஸ்காரர், தபால்காரர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருடைய பிழைப்பும் ஒரே இல்லத்தைச் சுற்றித்தான். சாதாரணக் கிராமத்தில் டீக்கடையில் உட்கார்ந்து பஞ்சாயத்துக் கணக்கைக் கிழிப்பதற்கு நாலு பேர் இருப்பார்கள். இங்கே அந்த நாலு பேர் இல்லை. கேள்வி வெளியிலிருந்துதான் வந்தது.

வந்ததும் நல்லதாகப் போயிற்று. அதுவரை பிள்ளைகள் பெரிய பெரிய கட்டடங்களில் கும்பலாகத்தான் தங்கியிருந்தார்கள். 1970களின் நடுவில் அந்த ஏற்பாட்டையே மாற்றினார்கள். கான்சஸ் மாநிலத்தில் 1967இல் ஒரு சிறு இல்லத்தில் சோதித்துப் பார்த்த முறையை எடுத்துக்கொண்டார்கள்: தனித்தனி வீடு, வீட்டுக்கு ஆறிலிருந்து எட்டுப் பிள்ளைகள், அவர்களோடு முழுநேரமும் அதே வீட்டில் குடியிருக்கிற பயிற்சி பெற்ற ஒரு கணவன் மனைவி. அவர்களுக்குச் சொந்தப் பிள்ளைகள் இருந்தால் அவர்களும் அங்கேதான். 1979இல் பெண்பிள்ளைகளையும் சேர்த்தார்கள்.

எனக்குத் தெரிந்த தம்பதி இப்படி ஒரு வீட்டில் இருந்தவர்கள்தான். இரவுச் சாப்பாடு முடிந்ததும் தினமும் வீட்டுக் கூட்டம். யார் பாத்திரம் கழுவவில்லை, தொலைபேசி நேரத்தை மாற்றலாமா, போன வாரம் போட்ட விதி சரியா, எல்லாவற்றையும் பிள்ளைகளே பேசி ஓட்டுப் போடுவார்கள். மேயர் தேர்தலைவிட இதுதான் உண்மையான ஜனநாயகம் என்பது என் கட்சி. இன்னொன்று மதிப்பெண் அட்டை. புதிதாக வந்த பிள்ளை அதைக் கூடவே வைத்திருக்க வேண்டும். சொன்னதைக் கேட்டால், மரியாதையாக மறுத்துப் பேசினால் புள்ளி கூடும். கதவை அறைந்து சாத்தினால் குறையும். புள்ளிகளைக் கொடுத்து டிவி, வெளியே போவது போன்ற சலுகைகளை வாங்கிக்கொள்ளலாம். பிள்ளை பழகப் பழக அட்டையைக் குறைத்து, கடைசியில் எடுத்துவிடுவார்கள். எனக்கு அது என்னவோ போல இருந்தது. கேட்டதற்கு அந்தம்மா சொன்னார்: "இதுவரைக்கும் இந்தப் பையனைத் திட்டினவங்க யாருமே, அவன் எதுக்காகத் திட்டு வாங்கறான்னு ஒழுங்கா சொன்னதில்லை. அட்டை சொல்லுது." சரி என்று கேட்டுக்கொண்டேன். முழுசாக ஒத்துக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன்.

வேறு இடத்தில் செய்ய முடியுமா? ஏற்கெனவே செய்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் ட்ரோகன் என்ற ஊரில் 1946இல், போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு ஒரு கிராமம் எழுந்தது. ஆஸ்திரியாவின் இம்ஸ்ட்டில் 1949இல் ஹெர்மன் குமைனர் தொடங்கிய எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமம், வீட்டுக்கு ஒரு தாய் என்ற முறையில் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. எதற்கும் நெப்ராஸ்கா மாதிரி சட்டப்படியான ஊர் அந்தஸ்து தேவைப்படவில்லை. என்னைக் கேட்டால் அது இல்லாமல் இருப்பதே மேல். பிள்ளைகள் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போகட்டும், வெளியாட்கள் உள்ளே வந்து போகட்டும்.

நிலமும் கட்டடமும் நன்கொடையில் கிடைத்துவிடும். கல்வெட்டில் பேர் போடலாம் என்றால் கொடுக்க ஆள் இருக்கிறது. எட்டுப் பிள்ளைகளோடு ராத்திரி பகலாக ஒரே கூரையில் இருக்கத் தயாரான தம்பதிதான் கிடைக்க மாட்டார்கள். கிடைத்தாலும் நிலைக்க மாட்டார்கள். நான் சொன்ன தம்பதியும் சில வருடங்களில் கிளம்பிவிட்டார்கள், சொந்தக் குழந்தைக்கு நேரமே இல்லை என்று. ஆகவே அப்படி ஒன்றைத் தொடங்கும் எண்ணம் இருந்தால், இடம் பார்ப்பதற்கு முன் ஆள் பாருங்கள். அவர்களுக்கு மாதத்தில் சில நாள் முழு விடுப்பும், அந்த நாட்களில் வீட்டைப் பார்த்துக்கொள்ள, பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பழக்கமான இன்னொருவரும் வேண்டும். பட்ஜெட்டில் முதலில் எழுத வேண்டிய செலவு அதுதான்.