பட்டியலில் இல்லாதவர் படத்தைப் பார்த்தது எப்படி?

கேள்வி: மண்டபம் ஊரில் நண்டு வியாபாரம் செய்கிறேன். மகளின் நிச்சயதார்த்தப் படங்களை ஃபேஸ்புக்கில் 'நண்பர்கள்' மட்டும் பார்க்கும்படிதான் போட்டேன். மறுநாள் கரையில் ஏலக்காரர், "மாப்பிள்ளைக்கு எந்த ஊர்?" என்கிறார். அவர் என் பட்டியலிலேயே இல்லை. அப்புறம் நண்பர்கள் பட்டியல் என்று எதைச் சொல்கிறார்கள்?

பதில்: படத்தில் யாரையாவது டேக் செய்தீர்களா, அதாவது அவர் பெயரை அவருடைய ஃபேஸ்புக் கணக்கோடு இணைத்துப் போட்டீர்களா? மச்சானையோ சம்பந்தியையோ செய்திருந்தால், பெரும்பாலும் வழி அதுதான். 'நண்பர்கள்' என்று வைத்தாலும், டேக் செய்யப்பட்டவரின் நண்பர்களுக்கும் அந்தப் பதிவு திறந்துவிடும். உங்களுக்கு இருநூறு பேர்தான் இருக்கலாம். மச்சானுக்குத் தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை ஆள் இருக்குமே! பதிவில் உங்கள் பெயருக்குக் கீழே, தேதிக்குப் பக்கத்தில் இரண்டு தலை போட்ட சின்னப் படம் இருக்கும். அதைத் தொட்டால் யார் யார் பார்க்கலாம் என்று காட்டும்.

'நண்பர்' என்ற சொல்லே ஆரம்பத்திலிருந்து குழப்பம்தான். 1999-இல் வந்த லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளத்தில் ஒருவரை நண்பராகச் சேர்த்தால், அவர் எழுதுவது உங்களுக்கு வரும். நீங்கள் பூட்டி வைத்து எழுதுவதும் அவருக்குத் திறக்கும். அவர் உங்களைச் சேர்க்க வேண்டும் என்றுகூட இல்லை. யாரைப் படிக்கிறேன், யாரைப் படிக்க விடுகிறேன் என்ற இரண்டையும் 2009-இல் ட்ரீம்விட்த் என்ற இன்னொரு வலைப்பதிவுத் தளம் தனித்தனியாகப் பிரித்தது. அதுதான் சரி என்பேன்.

ஃபேஸ்புக்கில் இருவரும் சம்மதித்தால்தான் நண்பர்; 5,000 பேர் வரை சேர்க்கலாம். கோரிக்கை அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர் நண்பர் இல்லை, எல்லோருக்குமாகப் போட்டதை மட்டும் பார்ப்பார். இன்னொன்று, பலரும் ஏமாறும் இடம் இது: ஒருவரை 'அன்ஃபாலோ' செய்தால் அவர் பதிவு உங்களுக்கு வராது, அவ்வளவுதான். உங்கள் பதிவை அவர் வழக்கம்போல் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்.

சரி, நாளைக்கு அந்த ஏலக்காரரே கோரிக்கை அனுப்பினால்? தினமும் முகத்தில் விழிக்கிற மனுஷன், மறுக்க முடியாது. சேர்த்துக்கொண்டு 'ரெஸ்ட்ரிக்டட்' பட்டியலில் போட்டுவிடுங்கள். பொதுப் பதிவும் அவரை டேக் செய்ததும் மட்டுமே தெரியும். அப்படிப் போட்டது அவருக்குத் தெரியாது.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வேறு கணக்கு. நீங்கள் அவர் எண்ணையும், அவர் உங்கள் எண்ணையும் சேமித்திருந்தால் போதும், பார்த்துவிடலாம். வியாபாரி போனில் ஐஸ் கம்பெனி, வேன் டிரைவர் எல்லோருமே இருப்பார்கள். வீட்டுப் படம் போடும்போது அவர்களை விலக்கிவிட்டுப் போடுங்கள்.

இப்போதைக்கு அந்தப் பதிவைத் திருத்தி டேக்கை எடுங்கள். பழைய பதிவுகளை மொத்தமாக 'நண்பர்கள்' என்று மாற்றவும் ஒரு வசதி இருக்கிறது. ஆனால் டேக் இருந்தால், அதற்குப் பிறகும் மச்சானின் நண்பர்கள் பார்க்கலாம்.