லாஃப்ட் கட்டியபோது பக்கத்து வீட்டாரின் கையெழுத்து இல்லை, வீட்டை வாங்கலாமா?

கேள்வி: லண்டன் ஈஸ்ட்ஹாமில் ஒரு டெரஸ் வீடு (வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று) வாங்கப் பேசி முடித்திருக்கிறோம். விற்பவர் 2014-இல் லாஃப்ட் (கூரைக்கு அடியில் அறை) கட்டியிருக்கிறார். கவுன்சிலின் நிறைவுச் சான்றிதழ் இருக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டாரோடு செய்த 'பார்ட்டி வால்' (இரு வீட்டுக்கும் பொதுவான சுவர்) ஒப்பந்தம் இல்லை என்கிறார். இப்போது எழுதி வாங்க முடியுமா?

பதில்: முடியாது. பார்ட்டி வால் சட்டம், 1996, வேலை தொடங்கும் முன் நடக்க வேண்டியதைத்தான் சொல்கிறது. பொதுச்சுவரில் கை வைப்பவர் இரண்டு மாதம் முன்பே நோட்டீஸ் தர வேண்டும்; பக்கத்து வீட்டார் 14 நாளில் எழுத்தில் சம்மதிக்காவிட்டால் சர்வேயர்கள் (கட்டட நிபுணர்கள்) தீர்ப்பு எழுதுவார்கள். நோட்டீஸே தராமல் வேலை முடிந்துவிட்டால், அந்தச் சட்டத்தின் கீழ் சர்வேயர்களுக்கு அதிகாரமே கிடையாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-இல் சொல்லிவிட்டது. நோட்டீஸ் தராதது குற்ற வழக்காகவும் ஆகாது.

அதனால் காகிதத்தை விட்டுவிட்டுச் சுவரைப் பாருங்கள். லாஃப்டைத் தாங்கும் இரும்பு பீம் பெரும்பாலும் பொதுச்சுவருக்குள்தான் செருகப்பட்டிருக்கும். நோட்டீஸ் இல்லாமல் அது சுவரின் நடுக்கோட்டைத் தாண்டியிருந்தால் அத்துமீறல். பீம் அங்கே இருக்கும்வரை அது தொடரும், வீடு உங்கள் பெயருக்கு வந்தபின் கேள்வி உங்களிடம்தான் வரும். பழைய விரிசலுக்கான நஷ்டஈடு பொதுவாக வேலை செய்தவர் தலையில் விழும். கவுன்சில் சான்றிதழ் இருப்பது பெரிய ஆறுதல், கட்டட விதிகளின்படி வேலையைச் சரிபார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆனால் அது பக்கத்து வீட்டாரின் சம்மதம் ஆகாது.

வீட்டுக்கு லெவல் 3 சர்வே (கட்டடத்தை விரிவாகப் பரிசோதிக்கும் அறிக்கை) எடுங்கள். பீம் முனைகளையும் மேல்மாடி விரிசல்களையும் குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டாரோடு தகராறோ கடிதமோ உண்டா என்று உங்கள் சொலிசிட்டர் (வக்கீல்) விற்பவரிடம் எழுத்தில் கேட்கட்டும். ஒருவேளை அவர் அப்போது சம்மதக் கடிதம் வாங்கி, பிறகு அதைக் காணாமல் போட்டிருக்கலாம். நிலப் பதிவேட்டில் இதெல்லாம் ஏறுவதில்லை, அதனால் கேட்டால்தான் தெரியும்.

அப்புறம், தயவுசெய்து இதைக் கேளுங்கள்: "எதற்கும் ஒரு வார்த்தை கேட்டு வைப்போம்" என்று பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிடாதீர்கள். நல்ல எண்ணத்தில் அப்படிப் போய்த்தான் பலர் இன்டெம்னிட்டி இன்ஷூரன்ஸை (இப்படிப்பட்ட சட்டச் சிக்கலால் வரும் செலவுக்கான காப்பீடு) இழக்கிறார்கள். பேச்சுக் கொடுத்துவிட்டால் கம்பெனிகள் பொதுவாக பாலிசி தருவதில்லை. ஒரே தடவை கட்டும் பிரீமியம், அதை விற்பவரையே கட்டச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டார் உரிமை கோரினால் வரும் செலவுக்குத்தான் அந்த பாலிசி. சுவர் பலவீனமாக இருந்தால் அது உதவாது.

சர்வேயில் சுவர் நன்றாக இருந்தால் வாங்கலாம். பீம் சரியில்லை என்று வந்தால், சரிசெய்யும் செலவை விலையில் குறைக்கும்வரை கான்ட்ராக்ட்டைப் பரிமாறிக்கொள்ள வேண்டாம்; பரிமாறிவிட்டால் வாங்கியே ஆக வேண்டும்.