வாசகர் கேள்வி பதில்: நூலகத்தில் பல்லாங்குழி

கேள்வி: எங்கள் கிளை நூலகத்தில் பிள்ளைகளுக்காகப் பல்லாங்குழி, ஆடுபுலி, செஸ், தாயம் வைக்க வாசகர் வட்டம் விரும்புகிறது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் சத்தம் வரும் என்கிறார்கள். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், நீடாமங்கலம்

பதில்: சதுரங்க வல்லபநாதர் கோயில் உள்ள பூவனூர் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. செஸ் பலகை வைக்க இதைவிடப் பொருத்தமான ஊர் ஏது? தாராளமாகத் தொடங்குங்கள்.

தாயக்கட்டையை வெறும் தரையில் உருட்டினால் கூடம் முழுக்கக் கேட்கும். கோரைப்பாய் விரித்து உருட்டினால் சத்தம் அடங்கிவிடும். கேரம் வேண்டாம். ஸ்ட்ரைக்கர் இடிப்பதோடு, பவுடர் பறந்து புத்தகங்களில் படியும். சனி, ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் என்று எழுதி ஒட்டி, திண்ணையில் ஆடவிடுங்கள்.

ஆடுபுலிக் கட்டத்தைத் திண்ணையிலேயே எனாமல் பெயின்டில் வரையலாம்: 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. ஐப்பசி, கார்த்திகையில் வரையாதீர்கள். ஈரச் சிமெண்டில் பெயின்ட் உரிந்துவிடும். மாசி, பங்குனியில் வரைந்து ஒருநாள் முழுக்கக் காயவிடுங்கள்.

பெரும்பாலும் ஆட்டம் நின்றுபோவது காய் தொலைவதால்தான். பல்லாங்குழியில் 14 குழி. குழிக்கு ஐந்து போட்டால் 70 காய், ஆறு போட்டால் 84. ஆகவே 90 சோழி வாங்கித் துணிப்பையில் போட்டு, எண்ணிக்கையை அட்டையில் எழுதிப் பையோடு கட்டுங்கள். புத்தகத்தைப் போலவே பைக்கும் எண் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் பிள்ளையே எண்ணிக் காட்டட்டும். புளியங்கொட்டை மலிவுதான், ஆனால் வண்டு விழும். குன்றிமணி கூடவே கூடாது, அது விஷம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை கையில் எந்தக் காயும் போகக்கூடாது.

விதிகள் தெருவுக்குத் தெரு மாறும். ஊர்ப் பாட்டிமாரை அழைத்து ஆடிக்காட்டச் சொல்லி, அவர்கள் சொன்னபடியே எழுதிப் பையில் வையுங்கள். அந்தத் தாளே நூலகத்துக்கு ஒரு சேகரிப்பு.

கேள்வி: நூலகம் படிக்கத்தானே? விளையாட்டு எதற்கு?
- ஒரு வாசகர், சீர்காழி

பதில்: உங்கள் ஊரில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் தந்த ஐந்து நூலக விதிகளில் கடைசி, நூலகம் வளரும் உயிர் என்பது. அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் நூலகம் கிராமங்களுக்குப் போனது. ஆட வரும் பிள்ளையும் நூலக வாசகர்தான். பலகைக்குப் பக்கத்திலேயே செஸ், கணக்குப் புதிர், விடுகதைப் புத்தகங்களை முகப்பு தெரிய அடுக்குங்கள். பின் அலமாரியில் வைத்தால் யாரும் எடுக்க மாட்டார்கள்.

கேள்வி: கணினியில் கேம் போடலாமா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: போடலாம். ஜிகாம்ப்ரிஸ் (GCompris) என்ற விளையாட்டு மென்பொருள் இலவசம்; சிறு பிள்ளைகளுக்கானது. ஆளுக்கு 20 நிமிடம், நோட்டில் பெயர் எழுதிய வரிசைப்படி. ஹெட்போன் கட்டாயம்.