மேற்குக் கரை அணிகள் பிக் டென்னின் முரட்டு ஆட்டத்தைத் தாங்குமா?

கேள்வி: பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஓரிகன், வாஷிங்டன், லாஸ் ஏஞ்சலஸின் யுஎஸ்சி, யுசிஎல்ஏ நான்கும் 2024 முதல் பிக் டென் கான்ஃபரன்ஸில் (கல்லூரி அணிகள் தங்களுக்குள் மோதும் கூட்டமைப்பு) ஆடுகின்றன. வேகத்தையும், பந்தை வீசும் பாஸையும் நம்பி வளர்ந்த இந்த அணிகள், உடம்போடு உடம்பு மோதும் அந்த ஆட்டத்தில் நிலைக்குமா?

நிலைக்கும். ஆனால் நான்கும் நிலைக்குமா என்று கேட்டால் சந்தேகம்தான்.

நான் போர்ட்லாண்டில் இருப்பவன், ஓரிகன் ரசிகன். ஆகவே கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். என்னோடு வேலை பார்க்கும் மதுரைக்கார அண்ணன் ஒருவர் மேடிசனில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் படித்தவர்; பிக் டென்னின் பழைய அணியான விஸ்கான்சினின் வெறியர். 2024 நவம்பர் 16, சனிக்கிழமை ஆட்டத்துக்கு என் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "தம்பி, இன்னைக்கு ராத்திரி வாத்துக்கறிதான்" என்றார். ஓரிகன் அணிக்குப் பெயர் டக்ஸ்.

ஆட்டத்தின் நான்கு குவாட்டரில் (கால் பகுதியில்) மூன்று முடிந்தபோது விஸ்கான்சின் 13, ஓரிகன் 6. அண்ணன் மிக்ஸரைக் கொறித்துக்கொண்டே எங்கள் பையன்களுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தார். கடைசிக் குவாட்டரில் ஓரிகன் ஒன்றும் மாயம் செய்யவில்லை. தங்கள் ஓட்டக்காரர் ஜோர்டன் ஜேம்ஸ் கையில் பந்தைக் கொடுத்தார்கள், அவர் நடுவில் முட்டினார், மறுபடி கொடுத்தார்கள், மறுபடி முட்டினார். 16-13. அண்ணன் தட்டை வைத்துவிட்டுக் கிளம்பினார்.

வேடிக்கை மறுநாள்தான். விஸ்கான்சின் தன் அஃபென்ஸ் (பந்தோடு தாக்கும் பக்கம்) கோச் ஃபில் லாங்கோவை நீக்கியது. 1999இல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கிய ரான் டேன் காலத்திலிருந்தே முட்டி மோதி ஓடுவதற்குப் பேர்போன பல்கலைக்கழகம் அது. அவர்கள்தான் 2023 சீசனுக்குப் பந்தை வீசும் 'ஏர் ரெய்டு' பாணிக்காரரைக் கூட்டிவந்திருந்தார்கள். மேற்குக் கரை அணி விஸ்கான்சின் மாதிரி ஜெயித்தது, விஸ்கான்சின் மேற்குக் கரை அணி மாதிரி தோற்றது. கான்ஃபரன்ஸ் பெயரை வைத்துப் பாணியைச் சொல்வது எவ்வளவு அபத்தம் என்பதற்கு எனக்கு இந்த ஓர் ஆட்டமே போதும்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்காக 'முரட்டு ஆட்டம்' என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நான்கு முயற்சிக்குள் 10 யார்டு நகர்ந்தால் பந்து உங்களிடமே இருக்கும். மூன்று முறை நாலு யார்டு ஓடினால் 12 ஆச்சு. எதிராளிக்குப் பந்தே கிடைக்காது. அந்த நாலு யார்டைத் திறந்துவிடுவது நடுவில் குனிந்து நிற்கும் ஐந்து லைன்மேன்கள், ஆளுக்கு 140 கிலோ பக்கம் இருப்பார்கள். கபடியில் கூட்டம் ரெய்டரைத்தான் பார்க்கும், கார்னரில் நிற்பவன் கணுக்காலைப் பிடிக்கும்வரை அவன் முகம்கூடத் தெரியாது இல்லையா, அது மாதிரி. இதற்குத் தேவை வீரம் அல்ல, எடை, கால் வலு, பெஞ்சில் மாற்றுக்கு இன்னும் நாலு பேர்.

இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் 2023 நவம்பர் 11, பிக் டென்னின் பழைய அணிகளான மிச்சிகன்-பென் ஸ்டேட் ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். மிச்சிகன் தொடர்ந்து 32 முறை பந்தைக் கையில் வைத்துக்கொண்டே ஓடி 24-15 என்று ஜெயித்தது. எதிரணிக்கு என்ன வரப்போகிறது என்று தெரியும், மைதானத்தில் இருந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும், தடுக்கத்தான் முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து தேசிய இறுதியில் வாஷிங்டனை 34-13 என்று வீழ்த்தியபோதும் ஓட்டத்திலேயே 303 யார்டு. அந்த வருடம் நாட்டின் சிறந்த அஃபென்ஸ் முன்வரிசைக்கான ஜோ மூர் விருதை வாங்கியது யார் தெரியுமா? தோற்ற வாஷிங்டன்தான். விருது வாங்கிய வரிசை பாஸுக்காகக் குவாட்டர்பேக்கை (பந்தை வீசுகிறவரை) காப்பதில் கெட்டி. எதிராளியைப் பின்னுக்குத் தள்ளுவது வேறு வேலை.

யுஎஸ்சி இந்தப் பாடத்தைப் பிக் டென்னில் ஆடிய முதல் ஆட்டத்திலேயே படித்தது. 2024 செப்டம்பர் 21, மிச்சிகனின் ஊரான ஆன் ஆர்பர். மிச்சிகனின் குவாட்டர்பேக் ஆட்டம் முழுக்க வீசிச் சேர்த்தது 32 யார்டு. ஓட்டத்தில் 290. கடைசி நிமிடங்களில் யுஎஸ்சி 24-20 என்று முன்னால் இருந்தது. மிச்சிகனின் கேலல் மல்லிங்ஸ் 63 யார்டு ஓடினார். பிறகு கோல் கோட்டருகே நான்காவது முயற்சியில், 37 நொடி மிச்சமிருக்க, அவரே ஒரு யார்டு முட்டி உள்ளே விழுந்தார். 27-24. யுஎஸ்சியின் கோச் லிங்கன் ரைலி வரைந்து தரும் பாஸ் ஆட்டம் அழகுதான். அழகைத் துணைக்கு வைத்துக்கொண்டு அந்த ஒரு யார்டைத் தடுக்க முடியவில்லை.

இதை வைத்து மேற்கே எல்லோரும் பஞ்சுமெத்தை என்று முடிவுகட்டுகிறவர்களோடுதான் எனக்குச் சண்டை. ஜிம் ஹார்பா மிச்சிகனுக்குக் கோச்சாகப் போகும் முன்பே இந்த ஆட்டத்தைக் கலிஃபோர்னியாவில், ஸ்டான்ஃபோர்டில் கட்டியிருந்தார். அவருக்குப் பின் வந்த டேவிட் ஷா அதைத் தொடர்ந்தார். 2013 நவம்பரில் எங்கள் ஓரிகன் அங்கே போய் வாங்கிய அடி மறக்காது. 60 நிமிட ஆட்டத்தில் 42 நிமிடத்துக்கு மேல் பந்து அவர்களிடம். டைலர் காஃப்னி என்ற ஒரே ஆள் 45 முறை ஓடினார். 2021இல் யூட்டா எங்களை இரண்டே வாரத்தில் இரண்டு முறை, 38-7, 38-10 என்று மண்ணைக் கவ்வவைத்தது. நாங்கள் எல்லோரும் அப்போது இருந்த பேக்-12 கான்ஃபரன்ஸில் முரட்டுத்தனம் இல்லாமல் இல்லை, அது எங்களிடம் இல்லாமல் இருந்தது.

அந்த அடிகள்தான் ஓரிகனைத் திருத்தின என்பது என் எண்ணம். எங்கள் கோச்சாக இருந்த மாரியோ கிறிஸ்டபால், தானே முன்னாள் லைன்மேன், பெனெய் சூவல் மாதிரி மலைகளை வைத்து முன்வரிசையைக் கட்டினார். அடுத்து வந்த டான் லானிங் ஜார்ஜியாவில் டிஃபென்ஸ் (தடுக்கும் பக்கம்) கோச்சாக இருந்தவர். 2024இல் மிச்சிகன் ஸ்டேட்டிலிருந்து லைன்மேன் டெரிக் ஹார்மனை, வீரர்கள் கல்லூரி மாற உதவும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாகக் கொண்டுவந்தார். அதாவது பிக் டென்னுக்குள் நுழையும் வருடமே ஒரு பிக் டென் உடம்பையும் கூடவே வாங்கிக்கொண்டார். முன்பெல்லாம் 18 வயதுப் பையனைச் சேர்த்து, சோறு போட்டு, மூன்று வருடம் எடை தூக்கவைத்துத்தான் லைன்மேன் ஆக்க முடியும். போர்ட்டல் வந்தபின் ஆக்கிய ஆளையே எடுத்துக்கொள்ளலாம், பணம் இருந்தால். முதல் வருடமே தோல்வியில்லாமல் பிக் டென் கோப்பை வந்தது, இறுதியில் பென் ஸ்டேட்டை 45-37 என்று வென்று.

சரி, பெருமை போதும். 2025 ஜனவரி 1, ரோஸ் பவுல், தேசியப் பட்டத்துக்கான காலிறுதி. அக்டோபரில் 32-31 என்று நாங்கள் ஜெயித்த ஒஹாயோ ஸ்டேட் திரும்பி வந்தது. ஒரு கட்டத்தில் 34-0. எங்கள் குவாட்டர்பேக் பந்தை வீசும் முன்பே எட்டு முறை மடக்கப்பட்டார். ஓட்டத்தில் நாங்கள் சேர்த்தது மைனஸ் 23 யார்டு. ஆமாம், மைனஸ். மதுரை அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரு வாத்துப் படம் மட்டும் அனுப்பினார், வேறு வார்த்தை இல்லை. இதே ஒஹாயோ ஸ்டேட் ஒரு மாதம் முன்பு சொந்த மண்ணில் மிச்சிகனிடம் 13-10 என்று தோற்றது. அங்கே 62 யார்டு மட்டும் வீசிய மிச்சிகன் இவர்களை முட்டியே முடக்கியிருந்தது.

கான்ஃபரன்ஸ் மாற்றத்துக்கும் ஆட்டப் பாணிக்கும் ஏதாவது தொடர்பு உண்டா என்றால், முடிவெடுத்தவர்கள் மனதில் சுத்தமாக இல்லை. 2022 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் அணிகள் இரண்டும் கிளம்புவதாக அறிவித்தன. அந்த ஆகஸ்டிலேயே பிக் டென் 7 வருடத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல் தொலைக்காட்சி ஒப்பந்தம் போட்டது. அடுத்த ஆகஸ்டில் ஓரிகனும் வாஷிங்டனும், அந்தப் பணத்தில் முழுப் பங்கு கிடைக்காது என்று தெரிந்தே, ஏறிக்கொண்டன. பெயரில் பத்து, உள்ளே 18 அணி. உடம்பு அடிவாங்குவதோடு நேர வித்தியாசமும் சேர்ந்துகொண்டது. கிழக்குக் கரையில், நியூஜெர்சியில் மதியம் 12 மணி ஆட்டம் என்றால் எங்கள் பையன்களின் உடம்புக்கு அது காலை ஒன்பது.

பேக்-12இல் கடைசியில் மிஞ்சியது ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும்தான். ஓரிகனும் ஓரிகன் ஸ்டேட்டும் 1894 முதல் மோதிக்கொள்கிறவர்கள். அந்த ஆட்டம் நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் சமயத்தில், ஈரத்திலும் குளிரிலும் நடப்பதுதான் வழக்கம். 2024இல் அட்டவணையில் இடமில்லாமல் செப்டம்பர் 14க்குத் தள்ளினார்கள். ஓரிகன் ஸ்டேட்டின் ஊரான கோர்வாலிஸ் போய்ப் பார்த்தேன். 49-14, நாங்கள்தான் ஜெயித்தோம். எப்போதும் அந்த ஆட்டத்துக்கு எடுத்துப்போகும் மழைக்கோட்டு வீட்டு அலமாரியிலேயே தொங்கியது.