ஸ்டேஜ் 4 நுரையீரல் கேன்சர்: கட்டியை ஊசி வெச்சு சுட்டுட்டா போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு வயசு 62. நுரையீரல் கேன்சர், அதுல அடினோகார்சினோமாங்கிற வகை, ஸ்டேஜ் 4ன்னு சொல்லிட்டாங்க. வலது பக்கம் 3 செ.மீ. கட்டி, சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற அட்ரினல் சுரப்பியில ஒரு சின்ன புள்ளி. மியூட்டேஷன் ரிப்போர்ட் (கட்டியோட மரபணுவுல என்ன மாற்றம்னு சொல்றது) இன்னும் வரல, கீமோ பத்தி டாக்டர் பேசிட்டு இருக்கார். சொந்தக்காரர் ஒருத்தர் "சூடு வெச்சே கட்டியைக் கருக்கிடறாங்க, கீமோவே வேணாம், ஒரு சோதனையில சேர்த்து விடறேன்"னு நிக்கிறார். நம்பலாமா?

பதில்: கட்டியைச் சுடறாங்கங்கிறது உண்மை, கீமோவே வேணாம்ங்கிறதுதான் புருடா. முதல்ல அவர் எந்த சூட்டைச் சொல்றார்னு கேளுங்க, ஏன்னா ரெண்டு வேற வேற வைத்தியத்தை ஒரே பேர்ல சொல்லிட்டுத் திரியறாங்க.

ஒண்ணு ஹைபர்தெர்மியா. வெளியிலேர்ந்து கருவி வெச்சு கட்டி இருக்கிற இடத்தை 40லேர்ந்து 43 டிகிரி சூட்டுக்குக் கொண்டு போறது, இதுல கட்டி தானா செத்துடாது, கூட ரேடியேஷனோ கீமோவோ குடுத்தா அது இன்னும் கொஞ்சம் நல்லா பிடிக்கும், அவ்வளவுதான். நுரையீரல் கேன்சர்ல ரேடியேஷனோட இதைச் சேர்த்து 80 பேர்கிட்ட செஞ்ச சோதனை 2007ல வெளியாச்சு, அந்த இடத்துல நோய் மறுபடி வளர்றது தள்ளிப்போச்சு, ஆனா ஆயுசு கூடல. இதை மட்டும் வெச்சே ஸ்டேஜ் 4ஐ குணமாக்கறோம்னு யாராவது பேக்கேஜ் சொன்னா எழுந்து வந்துடுங்க.

இன்னொண்ணு அப்ளேஷன், உங்க சொந்தக்காரர் சொல்றது இதாத்தான் இருக்கும். சிடி மேஜையில படுக்க வெச்சு, மயக்கம் குடுத்து, விலா எலும்போட மேல் விளிம்பை ஒட்டி (கீழ் விளிம்புல ரத்தக்குழாய் ஓடுது) ஒரு நீள ஊசியை உள்ள விடுவாங்க, கொஞ்சம் தள்ளுவாங்க, சிடி எடுத்துப் பார்ப்பாங்க, மறுபடி தள்ளுவாங்க. ஊசி முனை கட்டிக்குள்ள உக்காந்ததும் சூடு ஏத்தறது சில நிமிஷ வேலைதான், 60 டிகிரி தாண்டினாலே செல்லுங்க உடனே செத்துடும். ரேடியோ அலையில சூடாக்கினா ஆர்எஃப்ஏ, மைக்ரோவேவ்ல சூடாக்கினா மைக்ரோவேவ் அப்ளேஷன். நுரையீரல் பூரா காத்து, அதுல ஆர்எஃப்ஏவோட கரண்ட் சரியா ஓடாது, மைக்ரோவேவ் போகும், அதனால இப்ப மைக்ரோவேவ் பக்கம் சாயறவங்க அதிகம். சுத்தி இருக்கிற காத்து ஹாட்பாக்ஸ் மாதிரி சூட்டை உள்ளயே பிடிச்சு வெக்கிறது ஒரு வசதி. ஆனா கட்டியை ஒட்டி பெரிய ரத்தக்குழாய் போச்சுன்னா ஓடற ரத்தம் சூட்டை வாரிக்கிட்டுப் போயிடும், அந்த ஓரத்துல செல் பிழைச்சுக்கும், நோய் திரும்பறதும் பெரும்பாலும் அங்கேர்ந்துதான். 3 செ.மீ.க்குள்ள இருக்கிற கட்டியில ரிசல்ட் நல்லாருக்கும், அதுக்கு மேல போகப் போகக் குறையும். அப்பாவோடது எல்லைக்கோட்டுல நிக்குது.

சரி, ஸ்டேஜ் 4ல இதைச் சோதிச்சுப் பார்த்திருக்காங்களா? பார்த்திருக்காங்க. சீனாவுல பல ஆஸ்பத்திரிங்க சேர்ந்து 293 பேரை ரெண்டா பிரிச்சு, ஒரு பக்கம் மைக்ரோவேவும் கீமோவும், இன்னொரு பக்கம் கீமோ மட்டும் குடுத்தாங்க, 2020ல வெளியான ரிசல்ட்ல மைக்ரோவேவும் சேர்த்து எடுத்தவங்கள்ல பாதிப் பேருக்காவது நோய் வளராம நின்ன காலம் 10.3 மாசம், கீமோ மட்டும் எடுத்தவங்களுக்கு 4.9 மாசம். நல்ல வித்தியாசம்தான், நான் இதைக் குறைச்சுச் சொல்லல. ஆனா ரெண்டு விஷயம் கவனிங்க. அந்தச் சோதனையில கீமோ இல்லாம ஒருத்தர்கூட இல்ல. அப்புறம் அங்க ஒப்பிட்டது வெறும் கீமோவோட, இன்னிக்கு இருக்கிற இம்யூனோதெரபியோடயோ (உடம்போட எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடற மருந்து) மரபணு மாற்றத்தைக் குறிவெச்ச மாத்திரையோடயோ இல்ல, அதனால இதே லாபம் அதுங்களுக்கு மேலயும் கிடைக்கும்னு கணக்குப் போட முடியாது.

அதனாலதான் அந்த மியூட்டேஷன் ரிப்போர்ட்டுக்காக விடாம ஃபோன் போடுங்கன்னு சொல்றேன். அடினோகார்சினோமா வந்த நம்ம ஊர் ஆளுங்கள்ல கிட்டத்தட்ட கால்வாசி பேருக்கு ஈஜிஎஃப்ஆர்ங்கிற மரபணுவுல மாற்றம் இருக்கும், இருந்தா தினம் ஒரு மாத்திரையில ஆரம்பிக்கலாம், கீமோவே பின்னாடி போயிடலாம். ரத்தத்துல சுத்தற செல்லை ஊசி தொடாது, மருந்துதான் தொடும். மருந்து பிடிச்சு எல்லாம் அடங்கி, ஒரே ஒரு இடம் மட்டும் முரண்டு பிடிச்சா, இல்ல மொத்தமே ரெண்டு மூணு இடம்தான்னா, அப்ப அந்த இடங்களைத் தீர்த்துக்கட்டறதுல அர்த்தம் இருக்கு. அப்பகூட ஆபரேஷன், குறிவெச்ச ரேடியேஷன் ரெண்டுக்கும் அப்புறம்தான் ஊசியை யோசிப்போம், அதுங்களுக்குத்தான் சான்று ஜாஸ்தி. அட்ரினல்ல சூடு வெச்சா பிபி திடீர்னு எகிறும், அதை யார் வேணா செஞ்சிட முடியாது.

செய்யறதா முடிவானா, நுரையீரலைச் சுத்தி காத்து கசியறதுதான் அடிக்கடி வர்ற தொந்தரவு, பாதிக்கு மேல தானா சரியாயிடும், சிலருக்கு ட்யூப் போடணும், எப்படியும் சில வாரம் விமானம் ஏறக்கூடாது. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவர்னா முன்னாடியே சொல்லிடுங்க. முதல் மாச சிடியில அந்த இடம் முன்னவிட பெருசாத் தெரியும், பதறாதீங்க, கட்டியைத் தாண்டி சுத்தியும் சேர்த்துச் சுட்டதாலதான் அப்படி.

சோதனையில சேர்க்கிறேன்னு சொன்னா சிடிஆர்ஐ (மருத்துவச் சோதனைங்களுக்கான இந்தியப் பதிவேடு) பதிவு நம்பர் கேளுங்க, இந்தியாவுல நடக்கிற மருத்துவச் சோதனைங்க அங்க பதிவாகியிருக்கணும், வெப்சைட்ல நீங்களே தேடலாம். ஒப்புதல் படிவத்தைத் தமிழ்ல வாங்கி வீட்டுக்கு எடுத்துட்டு வந்து படிங்க. பாதிப்பு வந்தா சிகிச்சைச் செலவு யாரோடதுன்னு அதுல எழுதியிருக்கணும். சோதனைன்னும் சொல்லி, அந்த ஊசிக்கு லட்சக்கணக்குல பணமும் கேட்டா அது சோதனை இல்ல, வியாபாரம்.